யாருடைய ஊழியம்? ‘கருக்கு’ – ஒரு மறுவாசிப்பு

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இதற்குள் அந்தப் புத்தகத்தைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று பேசினோம். சேரியின் பேச்சுமொழியை அச்சில் ஏற்றி, பண்டிதத் தமிழின் முகத்தில் அறைந்த பிரதி என்று பேசினோம். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு பல்கலைக்கழகங்களில் பாடமாகி, ஆய்வேடுகளும் குவிந்துவிட்டன. எல்லாம் சரிதான். ஆனால் ஒரு சாதாரணக் கேள்வியை நாம் அழுத்திக் கேட்கவில்லை. இந்த அம்மா எதுக்காக மடத்துக்குப் போனாங்க?

கையில் ஆசிரியை வேலை இருந்தது. சம்பளம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் வேண்டாம் என்றார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்ததற்கு அவர் சொல்லும் காரணம் தெளிவானது. கன்னியர் நடத்திய பள்ளியில் வேலை பார்த்தபோது, அங்கே தலித் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்தார். நாமே கன்னியாஸ்திரி ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தார். ஏழைகளுக்காக ஒரு சபையைத் தொடங்கிய பெண்மணியின் வாழ்க்கையைப் படித்துவிட்டு, அந்தச் சபையையே தேடிப் போய்ச் சேர்ந்தார். ஆகவே ‘கருக்கு’ சாதிக் கொடுமையின் சாட்சியம் என்பதோடு, ஊழியம் செய்யப் போன ஒரு தலித்துக்கு என்ன நடந்தது என்பதன் சாட்சியமும் ஆகும். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையும் இந்தப் பக்கம் திருச்சியின் மாதா கோயில் கோபுரங்களையும் ஒரே நாளில் பார்த்துக்கொண்டு வாழ்கிற எனக்கு, அதை இப்படித்தான் வாசிக்கத் தோன்றுகிறது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீரங்கத்தில் சேவை என்றால் வேலை கிடையாது. பெருமாளைப் பார்ப்பதுதான் சேவை. விடியற்காலையில் விஸ்வரூப சேவை, வைகுண்ட ஏகாதசியை ஒட்டி முத்தங்கி சேவை. ‘சேவிச்சாச்சா?’ என்று கேட்டால் ‘கண்ணாலே பார்த்தாச்சா?’ என்று அர்த்தம். உள்ளே போக உரிமை உள்ளவனுக்கே அந்தக் காலத்தில் சேவை வாய்த்தது. ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் மாதா கோயிலுக்கு வந்தால் அதே சொல்லுக்கு உழைப்பு என்று பொருள் மாறிவிடுகிறது. கத்தோலிக்கர்கள் இறைப்பணி, தேவ அழைத்தல் என்பார்கள். லுத்தரன்காரர்களும் சி.எஸ்.ஐ.காரர்களும் ஊழியம் என்பார்கள்.

இந்த ஊழியம் இருக்கிறதே, அது நமக்கு ரொம்பப் பழக்கமான சொல். திருவிதாங்கூரில் அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் மேல்சாதிக்காரனுக்கும் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றுதான் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கிறிஸ்தவர்களான ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்டுப் பெற்ற முதல் சலுகைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியம் செய்யமாட்டோம் என்பது. வேதத்துக்கு வந்தவனின் முதல் கோரிக்கை ஊழியத்திலிருந்து விடுதலை. அப்படி விடுதலை கேட்டு வந்தவனிடமே ‘கர்த்தருக்கு ஊழியம் செய்’ என்று அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்தது திருச்சபை.

எங்க பாட்டி சனிக்கிழமை தவறாமல் கோயில் தரையைக் கழுவி விடுவாள். கூலி கிடையாது. கேட்டால் ‘சாமிக்குச் செய்யுறதுக்குக் கூலி என்னடா’ என்பாள். அந்த ஊரில் தப்படிக்கிறது, குழி வெட்டுறது, எழவு சொல்லப் போறது எல்லாம் எங்கள் தெரு ஆட்களின் ஊழியம். பூசையில் வாசகம் வாசிப்பது, தேர் வடத்தில் முதல் கை வைப்பது, திருவிழாக் கணக்கு எழுதுவது எல்லாம் இன்னொரு தெருவின் பணி. தேர் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். ஊழியம் செய்ய நமக்கு இடமே கொடுக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரையில் ஊழியத்துக்குக் குறைச்சலே இல்லை. எந்த வேலையை எடுப்பது, எதை மாட்டேன் என்பது என்று முடிவு செய்கிற உரிமைதான் எங்களுக்கு இல்லாமல் போனது.

இது ஏதோ ஊர்ப்புறத்து அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஊழியக்காரர்களையே சாதிவாரியாகப் பிரித்த சரித்திரம் இந்த மண்ணுக்கு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். அவரால் சேரிக்குள் கால் வைக்க முடியாது. வைத்தால் மேல்சாதிக்காரன் வேதத்தை விட்டு ஓடிவிடுவான் என்பது கணக்கு. ஆகவே 1640இல் பல்தசார் த கோஸ்தாவிலிருந்து பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைச் சாமியார்கள் உருவானார்கள். இதே திருச்சி, தஞ்சைப் பக்கங்களில்தான் அவர்கள் அதிகம் வேலை செய்தார்கள். நூறு வருஷம் கழித்து, சடங்குகள் பற்றிய நீண்ட சண்டைக்குப் பிறகு, 1744இல் ரோமாபுரி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இன்னும் விசேஷமானது: பறையர்களுக்கென்று தனியாகச் சாமியார்களை நியமித்துக்கொள்ளலாம். ஒரே சபை, ஒரே நற்கருணை, ஆனால் கையில் வைத்துக் கொடுப்பவர் வேறு. சேவை செய்கிறவனையும் தீட்டு பிடிக்கும் என்பதைத் திருச்சபை கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டது.

உயிரோடு இருக்கும்போது பிரித்தவர்கள் செத்த பிறகும் விடவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பப்பட்டிருந்ததும், அதை இடிக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்ததும் நாடறிந்த செய்தி. தூசியே, நீ தூசிக்குத் திரும்புவாய் என்று நெற்றியில் சாம்பல் பூசுகிற மதத்தில் தூசிக்கும் சாதி இருந்தது.

இந்தப் பின்னணியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சொல்லப்படும் ஒரு கதையையும் பார்த்துவிடுவோம். திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர். பாணர் குலம். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர் என்பதால் ஸ்ரீரங்கத்துத் தீவில் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார் என்கிறது வைணவ மரபு. பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், விலகச் சொல்லியும் விலகாத பாணர்மேல் கல்லை விட்டெறிகிறார். நெற்றியில் ரத்தம். கோயிலுக்குள் போனால் அரங்கன் நெற்றியிலும் ரத்தம். என் பக்தனைத் தோளில் சுமந்து வா என்று பெருமாள் சொல்ல, முனிவர் சுமந்து வருகிறார். பாணர் பத்துப் பாசுரம் பாடி, அப்படியே அரங்கனோடு கலந்துவிடுகிறார். முனியை வாகனமாகக் கொண்டதால் முனிவாகனர் என்று பெயர்.

வைணவத்தின் சமத்துவத்துக்குச் சாட்சியாக இந்தக் கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. 2018இல் ஐதராபாத்தில் ஓர் அர்ச்சகர் தலித் இளைஞர் ஒருவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனபோதும் இதே கதைதான் முன்மாதிரி. இதை நல்ல மனதோடு செய்தவர்களை நான் இழிவுபடுத்தவில்லை. ஆனால் கதையைக் கட்டுடைத்துப் பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது. ஒன்று, பாணரின் கால் கடைசிவரை அந்தத் தரையில் படவில்லை. சுமந்ததில் முனிவரின் பெருமை கூடியது, தரையின் தீட்டு விதி அப்படியே இருந்தது. இரண்டு, உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நந்தன் கதையிலும் இதேதான், நெருப்பில் இறங்கிய நந்தன் திரும்பவில்லை. உள்ளே விடப்பட்ட தலித் அங்கே குடியிருப்பதில்லை, மறைந்துவிடுகிறான். மூன்று, உள்ளே என்ன நடந்தது என்று அவர் உறையூருக்குத் திரும்பி வந்து தன் சனத்திடம் சொல்ல வழியில்லை. சொல்கிறவர்கள் எல்லாரும் சுமந்தவர்கள் பக்கத்துக்காரர்கள்.

இப்போது ‘கருக்கு’க்கு வாருங்கள். பாமாவும் உள்ளே போனவர்தான். ஆனால் யார் தோளிலும் ஏறிப் போகவில்லை, பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்துத் தன் காலால் நடந்து போனார். போகும்போதே எச்சரிக்கை இருந்தது. சில சபைகளில் நம்ம சாதிப் பெண்களைச் சேர்ப்பதில்லை, நமக்கென்று தனிச் சபையே எங்கோ இருக்கிறது என்று மடத்துக்குள்ளிருந்தே அவர் காதில் விழுகிறது. 1744இன் ஏற்பாடு செத்துப்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

உள்ளே என்ன இருந்தது? ஏழைகளுக்காகத் தொடங்கிய சபை பணக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தது. அந்த வளாகத்தில் கூட்டுவது, கழுவுவது, கக்கூசு சுத்தம் செய்வது தலித்துகளின் வேலையாக இருந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், ஏழை வீட்டில் கனவிலும் கிடைக்காத வசதியில் இருந்தார்கள். கடவுள் பொறுமையானவர், தாழ்ச்சியுள்ளவர், மன்னிக்கிறவர் என்று சொல்லித் தரப்பட்டது. அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிற கடவுளைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பாமாவின் இந்தக் கவனிப்பைத்தான் நான் புத்தகத்தின் உயிர்நாடி என்பேன். பொறுமையும் தாழ்ச்சியும் நம் சனத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை, அது அடித்தே ஏற்றப்பட்டது. நமக்குத் தேவைப்பட்ட ஒரே வேதபாடம் நீதி. அதை மட்டும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வெளியே வந்தார். வேலை இல்லை, சேமிப்பு இல்லை, தனிப் பெண்ணாய் எங்கே தங்குவது, எப்படிப் பிழைப்பது என்ற பயம் புத்தகத்தின் பக்கங்களில் மறைக்கப்படாமல் கிடக்கிறது. அதை வெற்றி ஊர்வலமாக அவர் எழுதவில்லை. அதனால்தான் நம்ப முடிகிறது. பாணரால் செய்ய முடியாத மூன்றாவது காரியத்தையும் அவர் செய்தார்: திரும்பி வந்து உள்ளே நடந்ததைச் சொன்னார், அதுவும் சேரியின் மொழியிலேயே.

இந்த வெளியேற்றத்தை இரண்டு தரப்பும் தப்பாகவே வாசித்தன. பங்குகளில் ‘சபை ஒழுங்குக்குக் கட்டுப்பட முடியலை, வந்துட்டாங்க’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் இயக்கத் தோழர்கள் சிலரோ ‘பாத்தீங்களா, மதத்தையே தூக்கி எறிஞ்சிட்டாங்க’ என்று கைதட்டினார்கள். பிரதி இரண்டையும் ஒத்துக்கொள்ளாது. ஒழுங்கு அவருக்குப் பிரச்சினையே இல்லை. அந்த ஒழுங்கு யாருக்கு வேலை செய்தது என்பதே பிரச்சினை. மதத்தைத் தூக்கி எறிந்தவர், தன் புத்தகத்தின் பெயருக்கு விளக்கம் சொல்லும்போது பனங்கருக்கோடு சேர்த்து வேதாகமத்தின் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தை நினைவுபடுத்துவாரா? விறகு பொறுக்கப் போன சிறுமியின் கையைக் கீறிய பனைமட்டையும், எபிரெயர் நிருபத்தில் ஆத்துமாவைப் பிளக்கிற வசனமும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. அவர் விட்டது மடத்தை. ஊழியத்தை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார், எழுதினார். ‘சங்கதி’ 1994இல் வந்தது. அழைத்தல் அப்படியே இருந்தது, அதைச் செய்யும் இடம் மாறியது.

இந்த இடத்தில் ‘கருக்கு’ மீது எனக்குள்ள ஒரு விமர்சனத்தையும் சொல்லவேண்டும். வெளியே வருகிற வழியைக் காட்டும் புத்தகம், உள்ளேயே இருந்து மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதிகம் இடம் தரவில்லை. எல்லாரும் வெளியேறிவிட முடியாது. ஊர்ப் பங்கில் உபதேசியாராக, கோயில்பிள்ளையாக இருப்பவருக்கும், வயதான தாய்க்கு அந்தக் கோயிலைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைக்கும் மடத்துக் கதவு கிடையாது. திறந்துகொண்டு போவதற்கு அவர்களுக்கு ஊரே கதவு. பாமா விட்டுவந்த சபையில் அதே நேரத்தில் இன்னும் எத்தனை தலித் கன்னியர் வாயடைத்து இருந்திருப்பார்கள்? அவர்களைப் பற்றிப் புத்தகம் கோபத்தோடு தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. கோழைத்தனத்தால் தங்கியவர்கள், பிடிவாதத்தால் தங்கியவர்கள் என்று இரண்டு வகை உண்டு. அதைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், ‘கருக்கு’ வெளிவந்த விதமே இதற்குப் பதில் சொல்கிறது. அதை வெளியிட்டது மதுரை சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். அது சேசு சபையார் நடத்திய மையம். எழுதும்படி பாமாவைத் தூண்டியவர்களில் ஒருவர் ‘யாத்திரை’ நாவலை எழுதிய மாற்கு. அவரும் ஒரு சேசு சபைச் சாமியார். திருச்சபையை விட்டு வந்தவரின் குரலுக்கு, திருச்சபைக்குள் தங்கிய ஒருவர் அச்சு இயந்திரத்தைத் திறந்துவிட்டார். புராட்டஸ்டண்டு பக்கத்தில், 2005இல் மறைந்த தியாப்பிலஸ் அப்பாவு – பறட்டை என்று நமக்குத் தெரிந்தவர் – மதுரை இறையியல் கல்லூரிக்குள் இருந்தபடியே வழிபாட்டின் மொழியை மாற்றினார். ஆர்மோனியப் பெட்டிக்குப் பதில் நாட்டார் இசை. ஆணாய் மட்டும் இருந்த பிதாவுக்குப் பதில் அம்மாவும் அப்பாவுமான ‘பெத்தவரே’. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதையே நற்கருணையின் அர்த்தமாக அவர் பேசினார். கையில் வைத்துக் கொடுக்கத் தனிச் சாமியாரை நியமித்த 1744க்கு அந்த ஒரே உலைதான் சரியான மறுப்பு. தனக்கு ஒதுக்கிய வேலையை இவர்களும் செய்யவில்லை. தாங்கள் கண்டுபிடித்த வேலையைச் செய்தார்கள். உள்ளே இருந்தார்களா வெளியே போனார்களா என்பது இரண்டாவது கேள்விதான்.

இன்றைய நிலைமைக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதுவே ஒத்துக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித்துகளில் முதல் கர்தினால். சந்தோஷமான விஷயந்தான். அதே சமயம், திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட பங்கில், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பும் அளவுக்கு அது போனது. கர்தினால் பதவி ரோமாபுரியின் தோளில் ஏறி வந்தது. கோட்டப்பாளையத்துக்காரர்கள் தங்கள் காலால் நடந்து படியேறினார்கள். திருச்சபைக்கு இதில் எது பெரிய சேவை என்று கேட்டால், நான் கோட்டப்பாளையத்துப் பக்கம் கை காட்டுவேன். தான் வேதத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்பதைத் திருச்சபைக்கு ஞாபகப்படுத்துவதும் ஊழியம்தான். அதற்கு யாரும் குருப்பட்டம் தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு வருஷமும் பள்ளிகளில் தேவ அழைத்தல் முகாம்கள் நடக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். படிப்பு கிடைக்கும், சோறு கிடைக்கும், மரியாதை கிடைக்கும் என்பதற்காகச் சிலர். நிஜமாகவே மனசு துடித்துச் சிலர். போகாதே என்று நான் சொல்லமாட்டேன். போகிறவர்கள் பையில் வேதாகமத்தோடு ‘கருக்கு’வையும் எடுத்துப் போகட்டும். போன இடத்தில் மூன்று காரியத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்: சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள், கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, செத்தவர்களை எங்கே புதைக்கிறார்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்கட்டும். ‘கருக்கு’ வந்தபோது பாமாவின் சொந்த ஊரே கோபப்பட்டது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே ஊர் அந்தப் புத்தகத்தைத் தன்னுடையது என்றது. பதில் சரியில்லை என்றால் அங்கேயே இருந்து சண்டை போடுவதா, வெளியே வந்து வேறு வேலை எடுப்பதா என்பதை அந்தப் பிள்ளைகள் முடிவு செய்துகொள்வார்கள். அந்த முடிவை அவர்களுக்காகச் சாமியாரும் எடுக்க வேண்டாம், நாமும் எடுக்க வேண்டாம்.